பலிக்காத வேண்டுதல்கள்

“நீ மேட்டர்தான் எல்லாம்னு முதல்லயே முடிவு பண்ணிட்ட. அதுக்கப்புறம் புதுமை நடந்துச்சா இல்லையான்னு உனக்கு என்னடா ஆராய்ச்சி?”

பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே இருக்கும் நண்பன் கேட்டான். பெங்களூர் ரசல் மார்க்கெட் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவன் வீட்டார் தலைமுறை தலைமுறையாக சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவின் பங்குமக்கள். அற்புதத்தை அவர்கள் ‘புதுமை’ என்பார்கள். நான் சாமி, பேய், ஆவி எதையும் நம்பாதவன். உலகத்தில் இருப்பதெல்லாம் பொருளும் அதன் இயக்கமும்தான், மனம் என்பதும் அந்த இயக்கத்தில் ஒன்றுதான் என்று நினைப்பவன். அவன் அதோடு விடவில்லை. “பெரிய கண்ணி வெச்ச வலைய வீசிட்டு, ஏரில சின்ன மீனே இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கு உன் பேச்சு” என்றான்.

பகுத்தறிவு பேசும் நண்பர்கள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். அது சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. புதுமைக்கு இடமே இல்லாதபடி உலகத்தை முன்கூட்டியே வரையறுத்துவிட்டு, பிறகு புதுமையைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை என்று சொன்னால் அது ஏமாற்று வேலைதான். ஆகவே அவனுக்குச் சொல்ல நினைத்ததை எல்லாம் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த வலையைப் பற்றி. பொருள் என்றால் இன்னின்னதுதான் என்று மூடி முத்திரை வைத்த பட்டியல் எதுவும் பொருள்முதல்வாதிகளான எங்களிடம் இல்லை. 1895-இல் ஜெர்மனியில் ரோன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டபோது, தசையைத் தாண்டி எலும்பைப் படம் பிடிக்கும் ஒளியை அதுவரை யாரும் கேள்விப்பட்டதே இல்லை. சில மாதங்களுக்குள் ஆஸ்பத்திரிகளில் அது வேலைக்கு வந்துவிட்டது. பழைய இயற்பியல் பாடம் அதற்குக் கதவைச் சாத்தவில்லை, சாத்தியிருந்தாலும் நின்றிருக்காது. கம்பி இல்லாமல் குரல் போகும் என்பதும் அப்படித்தான் உள்ளே வந்தது. ஆகவே ‘இது நம் பட்டியலில் இல்லை’ என்பதற்காக ஒன்றைத் தள்ளுவது பொருள்முதல்வாதம் ஆகாது. ஒன்று உலகத்தில் ஏதாவது வேலை செய்கிறது என்றால், அதாவது ஒரு காய்ச்சலைத் தணிக்கிறது, ஒரு நாற்காலியை நகர்த்துகிறது, காற்றிலிருந்து ஒரு மோதிரத்தை வரவழைக்கிறது என்றால், அந்த வேலை ஒரு தடத்தை விட்டுப் போகும். தடத்தைப் பார்க்க எங்களுக்கும் கண் இருக்கிறது. நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

இந்த ஊரில் அப்படிப் பார்க்கிறேன் என்று வெளிப்படையாகக் கிளம்பியவர் எச். நரசிம்மய்யா. பழைய பெங்களூர்க்காரர்களுக்கு ‘எச்.என்.’ என்றால் போதும். 1920-இல் கௌரிபிதனூர் அருகே ஹொசூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் ஜெயிலுக்குப் போன காந்தியவாதி, கடைசிவரை கதர்தான். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டுத் திரும்பி வந்து, கல்யாணம் செய்துகொள்ளாமல், பசவனகுடி நேஷனல் கல்லூரியின் மாணவர் விடுதியில் ஓர் அறையிலேயே வாழ்ந்து, 2005-இல் மறைந்தார். நாத்திகர் என்றதும் சிலர் மனதில் எழுகிற கர்வம் பிடித்த உருவத்துக்கும் இந்த மனிதருக்கும் சம்பந்தமே கிடையாது.

அவர் பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது, 1976-இல், அற்புதங்களையும் சோதித்துப் பார்க்கக்கூடிய மூடநம்பிக்கைகளையும் ஆராய ஒரு குழு அமைத்தார். விஞ்ஞானிகள், மருத்துவர்கள், உளவியலாளர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். சத்ய சாயிபாபாவின் வொயிட்ஃபீல்டு ஆசிரமத்துக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் போய்க்கொண்டிருந்த காலம் அது. கையை அசைத்துத் திருநீறு, மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் தருகிறார் என்று பெரிய பெரிய பதவியில் இருந்தவர்களே சொன்னார்கள். எச்.என். அவருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார்: குழுவின் முன்னால் செய்து காட்டுங்கள் என்று. பதில் இல்லை. இரண்டாவது எழுதினார். மூன்றாவதும் எழுதினார். மூன்றுக்கும் பதில் வரவில்லை. மோதிரம் விரலிடுக்கில் அடங்கும், பூசணிக்காய் அடங்காது, அதை வரவழைக்கட்டும் என்பது அந்நாளைய வாதம். அதே குழு பாண்டவபுரத்தில் திருநீறு கொட்டுவதாகச் சொல்லப்பட்ட ஒரு சின்னப் பையனைப் போய்ப் பார்த்தது. சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த திருநீறு வெளியே வந்தது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனை வைத்துக் கூட்டம் சேர்த்த பெரியவர்கள்மேல் இருக்கிறது.

அந்த வருடமே பத்திரிகைப் பேட்டி ஒன்றில் சாயிபாபா தரப்புப் பதில் வந்தது. விஞ்ஞானம் புலன்களுக்கு எட்டுவதோடு நிற்க வேண்டும், ஆன்மிகம் புலன்களைக் கடந்தது, இதை அதனால் அளக்க முடியாது என்பது அதன் சாரம். என் நண்பன் சொன்ன வலைக் கதையும் இதுவும் ஒரே வாதம்தான். இதற்கு நான் சொல்வது: புலனைக் கடந்த ஒன்றைப் பற்றி நீங்கள் பேசினால் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. ஆனால் மோதிரம் புலனைக் கடந்தது இல்லையே. அதற்கு எடை உண்டு, காரட் உண்டு. கைக்கடிகாரத்துக்குக் கம்பெனி பெயரும் உண்டு. புலனுக்கு எட்டும் பொருளைக் காட்டித்தான் பக்தரின் நம்பிக்கை வாங்கப்படுகிறது. அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போது மட்டும் ‘இது புலனுக்கு அப்பாற்பட்டது’ என்றால், அது நியாயமான பதில் ஆகாது.

கோயம்புத்தூர் போத்தனூரில் இருந்த பசவ பிரேமானந்த் இதை வேறொரு கோணத்தில் பிடித்தார். திருநீற்றை வடிகஞ்சியில் குழைத்து உருண்டை பிடித்து உலர வைத்து, கட்டைவிரல் இடுக்கில் மறைத்து நசுக்குவது எப்படி என்று ஊர் ஊராகப் போய் மேடையில் காட்டியவர். 1986-இல் அவர் சாயிபாபாமீது தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி வழக்குப் போட்டார். காற்றிலிருந்து தங்கம் வருவிப்பது உண்மையானால், அரசு அனுமதி இல்லாமல் தங்க நகை உருவாகிறது. சட்டம் எல்லோருக்கும் பொது அல்லவா என்பது அவர் கேள்வி. வழக்கு தள்ளுபடியானது. ஆனால் அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். அற்புதத்தை உண்மை என்றே எடுத்துக்கொண்டு, உலகத்து விதிகள் நடுவே கொண்டுவந்து நிறுத்திப் பார்ப்பது அது. நம்புகிறவர்களே பெரும்பாலும் அந்த அளவுக்கு அதை உண்மையாக எடுத்துக்கொள்வதில்லை.

சரி, கண்ணால் பார்த்தது மட்டும்தான் உண்மையா? இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. மணிமேகலையில் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில், வஞ்சி நகரில், ஆண் துறவி வேடத்தில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாகக் கேட்டுக்கொண்டு போகிறாள். கடைசியில் பூதவாதி வருகிறான். நம் மொழியில் பதிவான பொருள்முதல்வாதி அவன். பூவும் கட்டியும் சேர்ந்து புளித்தால் மதுவில் போதை பிறப்பதுபோல், பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, அவை பிரியும்போது அழிகிறது என்கிறான். கண்கூடாகக் காண்பதைத்தான் ஏற்பேன், இந்தப் பிறவியைத் தவிர வேறு எதுவும் பொய் என்கிறான். மணிமேகலை சிரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: உன் தாய் தந்தை யார் என்பதை நீ எப்படி அறிந்தாய்?

அற்புதமான கேள்வி. நான் பூதவாதியின் பக்கம் நிற்பவன், இருந்தாலும் இந்த இடத்தில் அவள் ஜெயித்துவிட்டாள் என்றே சொல்வேன். நாம் அறிந்தவற்றில் முக்கால்வாசி பிறர் சொல்லி அறிந்தது. எக்ஸ் கதிர் பற்றி மேலே எழுதினேனே, நான் என்ன 1895-இல் ஜெர்மனியில் இருந்தேனா? பிறர் சொல்லை நம்பாமல் ஒரு நாள்கூட வாழ முடியாது. எனவே ‘மாதா என் பிள்ளையைக் காப்பாற்றினாள்’ என்று ஒரு தாய் சொல்லும்போது, ‘நீ சொல்வதை நான் பார்க்கவில்லை, ஆகவே பொய்’ என்று தள்ளிவிடும் உரிமை எனக்கு இல்லை. சொல்லை எடை போடும் கடமை மட்டுமே இருக்கிறது. 1748-இல் தத்துவவாதி டேவிட் ஹியூம் அதற்கு ஒரு வழி சொன்னார்: சொன்னவர் தவறாகப் புரிந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகமா, இயற்கையின் போக்கே மாறியிருக்க வாய்ப்பு அதிகமா என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார். இதில் நான் ஒன்று சேர்ப்பேன். பொய் சொல்வது வேறு, தவறாகப் புரிந்துகொள்வது வேறு. வேண்டுதல் நிறைவேறியதாகச் சொல்லும் ஆயிரம் பேரில் பொய் சொல்கிறவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். மற்றவர்கள் நடந்ததைத்தான் சொல்கிறார்கள்.

நடந்தது என்ன என்பதற்கு வருகிறேன். மந்திர மோதிரத்தைவிட இது கடினமான விஷயம், சிவாஜிநகரின் சொந்த விஷயம்.

மரியன்னை பசிலிக்காவைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் குடியேறிய இடம் இது. அப்போது பிளாக்பள்ளி என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா இங்கே ஒரு கூரைக் கோவில் கட்டினார்; காணிக்கை மாதா கோவில் என்றார்கள். இப்போது நிற்கும் கோபுரக் கோவில் 1882-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-இல் அர்ச்சிக்கப்பட்டது. அதே தேதியில்தான் வருடாவருடம் திருவிழா. அதற்கு முந்தைய நவநாள்களில் காவிச் சேலையும் காவி வேட்டியுமாகக் கூட்டம் தெருவை அடைத்துக்கொள்ளும். மாதாவுக்கே சேலைதான் உடுத்தியிருப்பார்கள். தேர்ப்பவனி அன்று கிறிஸ்தவர்கள் எத்தனை பேர், இந்துக்கள் எத்தனை பேர், முஸ்லிம்கள் எத்தனை பேர் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மல்லிகைப்பூ, மெழுகுவர்த்தி, அழுகிற குழந்தை, தமிழ்ப் பாட்டு, கன்னட அறிவிப்பு. இதை வெறும் ஏமாளிக் கூட்டம் என்று எவனாவது சொன்னால் அவனோடு எனக்குப் பேச்சில்லை.

1898-இல் பெங்களூருக்குப் பிளேக் வந்தது. வீடு வீடாகச் செத்தார்கள். பிளாக்பள்ளி மக்கள் ஆரோக்கிய மாதாவிடம் மன்றாடியதும் நோய் விலகியது என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. அதே பிளேக்கில் மாரியம்மனிடம் ஓடியவர்களும் உண்டு. பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே இந்த ஊரில் கோவில்கள் இருக்கின்றன, கோயம்புத்தூரிலும் இருக்கின்றன. அதே 1898-இல்தான் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், பிளேக்கை எலியிலிருந்து மனிதனுக்குக் கொண்டுபோவது எலியின் தெள்ளுப்பூச்சி என்று சோதனை செய்து காட்டினார். பல வருடம் அவரை யாரும் நம்பவில்லை. மாதாவை நம்பாத விஞ்ஞானிகளே அவரையும் நம்பவில்லை என்பதை நம்மவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

துபுவா பாதிரியாரைப் பற்றி இன்னொரு செய்தி. இந்த மாதாவுக்குக் கூரை வேய்ந்த அதே மனிதர், 1803, 1804 வாக்கில் மைசூர் சீமையில் ஊர் ஊராக அம்மைத் தடுப்பூசி போட வைத்தவர். அவர் கொடுத்த கணக்கில் 25,000-க்கும் மேற்பட்டோர். ஜென்னர் தடுப்பூசி பற்றி எழுதி அப்போது ஆறேழு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. ஜெபித்துவிட்டுச் சும்மா இருந்தவரில்லை அவர். ஜெபம் அவருக்கு எதற்கு, ஊசி எதற்கு என்பதில் அவருக்கே ஒரு தெளிவு இருந்திருக்க வேண்டும். அந்தத் தெளிவு இங்கே வரும் சாதாரண ஜனங்களிடமும் இருக்கிறது. பக்கத்திலேயே பௌரிங் ஆஸ்பத்திரி. அங்கே பேரனுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது பாட்டி இங்கே வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்ப ஓடுகிறாள். டிரிப்ஸைக் கழற்றிவிட்டு வருவதில்லை.

இனி கணக்கு. தற்செயல் என்பதை நாம் மிகவும் குறைத்து மதிப்பிடுகிறோம். ஒரு பேச்சுக்கு, ஒரு திருவிழாவில் ஒரு லட்சம் பேர் நோய்க்காக வேண்டிக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் கைவிட்ட நிலையிலிருந்து எந்த வேண்டுதலும் இல்லாமலே தானாகத் தேறுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான் என்றாலும், அடுத்த வருடம் ஆயிரம் பேர் சாட்சி சொல்லத் திரும்பி வருவார்கள். ஆயிரம் பேரும் உண்மையைத்தான் சொல்வார்கள். மீதி 99,000 பேர் என்ன ஆனார்கள்? அவர்களில் பலர் வருவதற்கு உயிரோடு இல்லை. இருப்பவர்கள் மைக்கைப் பிடித்து ‘எனக்கு நடக்கவில்லை’ என்று சொல்வதில்லை. பண்டைய கிரேக்கத்தில் தியாகோரஸ் என்ற நாத்திகரிடம், புயலில் வேண்டிக்கொண்டு பிழைத்தவர்கள் கோவிலில் மாட்டிய படங்களைக் காட்டி, பார்த்தாயா தெய்வ சக்தியை என்றார்களாம். வேண்டிக்கொண்டும் மூழ்கிப்போனவர்களின் படம் எங்கே என்று அவர் கேட்டதாக சிசரோ எழுதியிருக்கிறார். இரண்டாயிரம் வருடத்துக்கும் முந்தைய கேள்வி. வேளாங்கண்ணியில் வெள்ளிக் காலும் மெழுகுக் கையும் காணிக்கையாகக் குவிந்திருப்பதைப் பார்த்தபோது எனக்கும் இதுதான் தோன்றியது.

கணக்கோடு எல்லாம் முடிந்துவிடும் என்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. நம்பிக்கை உடம்பில் வேலை செய்கிறது. இது பொருள்முதல்வாதிக்குத் தலைகுனிவு என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கோ இது பெரிய மகிழ்ச்சி. 1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் கடைவாய்ப்பல் பிடுங்கிய நோயாளிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மருந்தே இல்லாத போலி மருந்தைக் கொடுத்தும் சிலருக்கு வலி குறைந்தது. அவர்களுக்கு நலோக்சோன் என்ற மருந்தைச் செலுத்தியதும் அந்த நிவாரணம் மறைந்து வலி திரும்பியது. நலோக்சோன் செய்வது, மூளையே சுரக்கும் அபின் போன்ற வலிநீக்கிகளின் வழியை அடைப்பது. அதாவது ‘இதனால் எனக்குச் சரியாகும்’ என்ற எண்ணம் மூளையில் ஒரு வேதிப்பொருளைச் சுரக்க வைக்கிறது. அந்தப் பொருள் வலியை அடக்குகிறது. நம்பிக்கைக்கு உடம்பில் இப்படி ஒரு வழி இருக்கிறது, அதைத் திறக்கவும் அடைக்கவும் முடிகிறது. ஆகவே பசிலிக்காவுக்குப் போய் வந்ததும் வலி விட்டது என்று ஓர் அம்மா சொன்னால், எல்லாம் மனப்பிரமை என்று சொல்கிறவர்தான் விஞ்ஞானம் தெரியாதவர். அந்த அம்மாவுக்கு உண்மையாகவே வலி விட்டிருக்கிறது.

எல்லை ஒன்று உண்டு. வலி, குமட்டல், களைப்பு, பதற்றம் ஆகியவற்றில் நம்பிக்கை நன்றாக வேலை செய்கிறது. காசநோய்க் கிருமியை அது கொல்வதில்லை, கட்டியைக் கரைப்பதில்லை. மற்றவர் நமக்காக ஜெபித்தால் பலன் உண்டா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆறு ஆஸ்பத்திரிகளில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. யாராவது ஜெபிக்கலாம், ஜெபிக்காமலும் போகலாம் என்று சொல்லப்பட்டவர்களில், ஜெபிக்கப்பட்டவர்களுக்குச் சிக்கல் 52 சதவீதம், ஜெபிக்கப்படாதவர்களுக்கு 51 சதவீதம். உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு 59 சதவீதம். எனக்காக ஜெபிக்கிற அளவுக்கா என் நிலைமை மோசம் என்ற பயம் காரணமாக இருந்திருக்கலாம். இந்தக் கடைசி எண்ணை வைத்து ஜெபம் கெடுதல் என்று சொல்லவும் நான் தயாரில்லை. வித்தியாசம் தெரியவில்லை என்பது மட்டும் எனக்குப் போதும்.

நண்பன் இங்கே ஒரு நல்ல எதிர்வாதம் வைத்தான். “திருச்சபை சும்மா எதையும் புதுமைன்னு சொல்லிடாதுடா, டாக்டருங்க குழு பாத்துதான் சொல்லும்.” உண்மை. லூர்து நகரில் 1858-க்குப் பிறகு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குணமாதல்கள் பதிவாகியும், அதிகாரபூர்வமாகப் புதுமை என்று ஏற்கப்பட்டவை எழுபதைச் சற்றே தாண்டும். அந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன். நம் நட்டாலம் தேவசகாயம் பிள்ளையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1752-இல் ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர், 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்கு ஆதாரமாக ஏற்கப்பட்ட புதுமை 2013-இல் நடந்தது: கருவில் இருந்த சிசுவின் இதயத்துடிப்பு நின்றுவிட்டது என்று சொல்லப்பட்ட பிறகு, அவரிடம் வேண்டிக்கொண்டதும் துடிப்பு திரும்பியது என்பது. அந்தத் தாய்க்குக் குழந்தை கிடைத்ததில் எனக்கு முழு சந்தோஷம். ஆனால் மருத்துவர் குழுவின் வேலை எங்கே முடிகிறது என்று பாருங்கள். ‘எங்களுக்குத் தெரிந்த விளக்கம் எதுவும் இல்லை’ என்று சொல்வதோடு அது முடிந்துவிடுகிறது. ‘ஆகவே இன்னார் செய்தார்’ என்ற அடுத்த அடியை மருத்துவர் வைப்பதில்லை, இறையியல்தான் வைக்கிறது. தெரியாது என்பதிலிருந்து இவர்தான் என்பதற்குப் போகப் பாலம் எதுவும் இல்லை. அதே நேரத்தில் வேறொருவர் மாரியம்மனிடமும் இன்னொருவர் தர்காவிலும் வேண்டியிருந்தால், யார் பேரில் எழுதுவது? 1898 பிளேக்கில் சிவாஜிநகரில் அதுதானே நடந்தது?

இந்த இடத்தில் எங்கள் தரப்பு செய்யும் தவறையும் சொல்ல வேண்டும். விளக்கம் தெரியாத இடத்தில் அவசரப்பட்டு ஏதோ ஒரு விளக்கத்தை எறிந்துவிட்டு ஜெயித்துவிட்டதாக நினைப்பது. ‘இன்னும் தெரியவில்லை’ என்று சொல்வதில் என்ன கேவலம்? தெரிந்த இடத்தில் தயங்காமல் சொல்ல வேண்டும், அதுவும் உண்மை. 1995 செப்டம்பர் 21-இல் நாடெங்கும் பிள்ளையார் பால் குடித்தபோது, பரப்பு இழுவிசையில் பால் சிலைமேல் மெல்லிய படலமாக வழிவதை விஞ்ஞானிகள் சாயம் கலந்து காட்டினார்கள். 2012-இல் மும்பை விலே பார்லேயில் வேளாங்கண்ணி மாதா கோவில் சிலுவையின் காலிலிருந்து நீர் சொட்டியபோது, பகுத்தறிவாளர் சனல் இடமருகு போய்ப் பார்த்து, அடைபட்ட கழிவுநீர்க் குழாயிலிருந்து தந்துகி விசையால் சுவர் வழியே ஏறிய நீர் அது என்றார். அந்த நீரை ஜனங்கள் புனித நீராக எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். அதைச் சொன்னதற்கு நன்றி வரவில்லை. மத உணர்வைப் புண்படுத்தியதாக இந்தியத் தண்டனைச் சட்டம் 295 ஏ பிரிவில் புகார் வந்தது, அவர் பின்லாந்துக்குப் போக வேண்டியதாயிற்று. சாக்கடை நீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்வது எந்த மாதாவுக்கு எதிரானது? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறுவதில்லை.

ஆனால் நண்பனின் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. எவான்ஸ் பிரிச்சார்டு என்ற மானுடவியலாளர் ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களைப் பற்றி 1937-இல் எழுதிய புத்தகத்தில் ஒரு குதிர் விழுகிறது. நிழலுக்காக அதன்கீழ் உட்கார்ந்திருந்தவர்கள் அடிபடுகிறார்கள். குதிரின் காலைக் கரையான் அரித்ததால் அது விழுந்தது என்பது அசாண்டேக்காரருக்கு நன்றாகத் தெரியும். வெயில் நேரத்தில் நிழல் தேடி உட்கார்ந்ததும் தெரியும். அவர் கேட்பது வேறு: இவர் உட்கார்ந்திருந்த அதே நேரத்தில் ஏன் விழுந்தது? அதற்குத்தான் சூனியம் என்று பதில் வைத்திருக்கிறார்கள். பௌரிங்கில் பேரன் பிழைத்த பாட்டியும் இதையேதான் கேட்கிறாள். மருந்து வேலை செய்தது அவளுக்குத் தெரியும். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கும் அதே மருந்துதான். அது போய்விட்டது, இவன் பிழைத்தான். ஏன் இவன்?

பொருள்முதல்வாதி இந்தக் கேள்வியின் முன்னால்தான் தடுமாறுகிறான் என்று சொல்வார்கள். என் பதில் எளிதானது, சொல்லத்தான் கஷ்டம். யாரும் இவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. பக்கத்துக் கட்டில் பிள்ளையையும் யாரும் கைவிடவில்லை. ஒரு உடம்பில் கிருமி எவ்வளவு, எந்த நாளில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், சத்து எவ்வளவு, ரத்தம் நேரத்துக்குக் கிடைத்ததா என்று காரணங்கள் இருக்கும். அதற்கு மேல் ஒரு தீர்ப்பு இல்லை. இது வறண்ட பதில், ஆறுதல் தராத பதில் என்று நண்பன் சொல்கிறான். பிழைத்த பிள்ளையின் பாட்டிக்கு அப்படித் தோன்றலாம். நான் பக்கத்துக் கட்டிலில் இருந்த தாயைப் பற்றி யோசிக்கிறேன். அவளும் வேண்டிக்கொண்டாள். அவளும் காவிச் சேலை கட்டினாள், ஒருசந்தி இருந்தாள், முழங்காலில் நடந்தாள். புதுமை உண்மையென்றால், அவளுடைய பிள்ளைக்கு அது மறுக்கப்பட்டிருக்கிறது. ஏன் மறுக்கப்பட்டது என்று அவள் தனக்குள்ளேயே தேடுவாள். என் விசுவாசம் பத்தவில்லையா, நேர்ந்துகொண்டதைச் செலுத்தவில்லையா, பழைய பாவமா? சுற்றியிருப்பவர்கள் வாய்விட்டே கேட்பார்கள். இதை நான் எங்கள் தெருவில் கேட்டிருக்கிறேன். குழந்தையைப் பறிகொடுத்தவளிடம் ‘முழு மனசா வேண்டியிருக்க மாட்ட’ என்று சொன்னார்கள். சொன்னவர்களும் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் கையில் இருந்த விளக்கம் அவர்களை அப்படிச் சொல்ல வைத்தது.

புதுமைக்கு இந்த மறுபக்கம் உண்டு என்பதால்தான் நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். கைதேர்ந்த வித்தைக்காரரின் மோதிரம் எனக்குப் பெரிய விஷயமில்லை. குணமளிக்கும் கூட்டங்களில் மேடையேறி ‘மாத்திரையைத் தூக்கி எறிந்தேன், சுகம் பெற்றேன்’ என்று சாட்சி சொல்ல வைக்கிறார்களே, அது எனக்குப் பெரிய விஷயம். காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நிற்கும், எடை ஏறும், சுகமாகிவிட்டது போலவே இருக்கும். அப்போது நிறுத்தினால் நோய் திரும்பி வரும். மருந்துக்கு அடங்காத வகையாகவும் வரக்கூடும். சக்கரை வியாதிக்கும் வலிப்புக்கும் இதே கதைதான். பசிலிக்காவில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவரிடம் நான் எதையும் கேட்பதில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரிடம் கேட்பேன், எங்கே வேண்டுமானாலும், எத்தனை பேர் முன்னாலும்.

“அப்ப, என்ன நடந்தா நீ நம்புவ?” என்று நண்பன் கடைசியாகக் கேட்டான். விபத்தில் துண்டான கால், எக்ஸ்ரே முன்னும் பின்னும் இருக்க, ஆஸ்பத்திரிப் பதிவோடு, மறுபடி வளர்ந்தால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன் என்றேன். பல்லிக்கு வால் வளர்கிறது, மனிதனுக்குக் கால் வளர்வது இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்திக்குப் பெரிய வேலையாக இருக்க முடியாது. இத்தனை கோடி வேண்டுதல்களில் அப்படி எக்ஸ்ரே சாட்சியோடு ஒரு தடவைகூடப் பதிவானதில்லை. அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். “கால் வளரணும்னு யாரும் வேண்டிக்கிறதில்லடா, நடக்கணும்னு தான் வேண்டிக்குவாங்க” என்றான்.

சரியான பேச்சு. அப்படி வேண்டிக்கொள்கிறவருக்கு ஜெய்ப்பூர்ச் செயற்கைக் கால் எங்கே கிடைக்கும், யார் பொருத்துவார்கள், மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் எப்படி வாங்குவது என்று கேட்டுச் சொல்ல எங்கள் இருவராலும் முடியும். திருவிழா நாள்களில் கோவிலுக்கு வெளியே அதற்கென்று ஒரு மேசை போடலாமா என்று பங்குத் தந்தையிடம் கேட்கப் போகிறான் அவன். நானும் உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.